பள்ளி அலுவலுக்குப் புலனக் குழுவா?



பணியிடத்தில் இணையம் என்ற பேச்சு எழுந்தாலே, ஆசிரியர் அறையில் அமர்ந்து முகநூலைப் புரட்டும் ஆசிரியரைத்தான் எல்லாரும் சாடுகிறார்கள். சாடட்டும், பாட நேரத்தில் அது குற்றமே. ஆனால், பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் பல்லாண்டாகப் பணியாற்றும் என் கண்ணுக்கு அதைவிடப் பெரிய கேடு ஒன்று தெரிகிறது. பள்ளியின் அலுவல் தனக்குரிய மின்னஞ்சலை விட்டு வெளியேறி, வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் குடியேறிவிட்டது. சுற்றறிக்கை அங்கே, புள்ளிப்பட்டியல் அங்கே, கூட்ட அழைப்பு அங்கே, கண்டனமும் அங்கேயே. இதனை வசதி என்கிறார்கள். நான் பொறுப்பின்மை என்கிறேன்.

விதி இல்லாமல் இல்லை

அரசாங்க அலுவலகங்களில் இணையத்தையும் மின்னஞ்சலையும் எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே பொது நிருவாக மேம்பாட்டுச் சுற்றறிக்கை எண் 1 வெளிவந்தது. அலுவல் மடல்களுக்கு அலுவலகம் வழங்கிய கணக்கையே பயன்படுத்த வேண்டும், ஒருவர் கணக்கை மற்றொருவர் கையாளக் கூடாது என்பன போன்ற எளிய நெறிகள் அதில் இருந்தன. அப்போது புலனம் பிறக்கவே இல்லை. அது வந்தது 2009-இல்தான். 1பெஸ்தாரிநெட் திட்டம் 2019-இல் முடிவுக்கு வந்தபின் பள்ளிகளுக்குக் கூகல் வகுப்பறை வந்தது. 2020-இல் டெலிமா தளம் வந்தது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் கல்வி அமைச்சின் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. ஆக, நெறியும் உண்டு, கருவியும் உண்டு. இல்லாதது, அவற்றைப் பயன்படுத்தும் மனம்.

பன்னிரண்டு எண்களில் ஒரு குழந்தை

இதில் அப்படி என்ன கேடு என்று கேட்பீர்கள். ஒரு பள்ளியின் புலனக் குழுவில் நான் கண்டதைச் சொல்கிறேன். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவர்களின் பட்டியலைப் படமெடுத்து, பெற்றோர் எல்லாரும் உள்ள குழுவில் போட்டிருந்தார்கள். பெயர், அடையாள எண், தந்தையின் தொழில், குடும்ப வருமானம் அனைத்தும் அதில் இருந்தன.

நம் பிள்ளைகளின் மைகிட் எண்ணில் 12 இலக்கங்கள் உண்டு. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். பினாங்கில் பிறந்தால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். அந்த எண்ணைப் பெயரோடும் பள்ளியோடும் சேர்த்து வெளியிட்டால் அயலான் ஒருவனுக்கு அந்தக் குழந்தையைப் பற்றித் தெரியாதது என்ன மிஞ்சும்? இருநூறு கைப்பேசிகளில் இறங்கிவிட்ட படத்தை நள்ளிரவில் அழித்து என்ன பயன்? வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் மறுநாள் சிற்றுண்டிச்சாலையில் பேசப்படுமே, அந்தச் சொல்லை யார் அழிப்பது?

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. இதைச் சுட்டிக்காட்டித் தப்பித்துக்கொள்வோரும் உளர். சட்டம் கட்டாத கையை மனச்சான்று கட்ட வேண்டாமா? வங்கி நம் கணக்கு விவரத்தைக் குழுவில் போட்டால் கொதித்தெழும் நாம், நம் பிள்ளையின் விவரத்துக்கு வாய் திறப்பதில்லை. அடைவு நிலை 1 பெற்ற மாணவனின் பெயரைக் குழுவில் வெளியிடுவது மதிப்பீடு ஆகாது, அவமதிப்பு.

இரவு பதினொரு மணிக் கட்டளை

இரண்டாவது கேடு நேரம் பற்றியது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது வீடே வகுப்பறை ஆயிற்று. அன்று எந்நேரமும் செய்தி அனுப்பியதில் நியாயம் இருந்தது. பள்ளிகள் திறந்தன, அந்தப் பழக்கம் மட்டும் மூடப்படவில்லை. இரவு பதினொரு மணிக்கு, “நாளைக் காலை 7.30-க்குள் தேவை” என்று ஒரு கட்டளை வருகிறது. நீல நிறக் குறி விழுந்தும் மறுமொழி இல்லையென்றால் காலையில் முகம் சுளிக்கிறார்கள். பெற்றோரும் விதிவிலக்கல்லர். ஞாயிறு இரவு, “டீச்சர், நாளைக்கு என்ன நிறச் சட்டை?” என்று கேட்பவர், ஆசிரியருக்கும் குடும்பம் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்.

பிரான்சு நாட்டில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், பணிநேரத்துக்குப் பின் அலுவல் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தலைமையாசிரியரின் கையொப்பம் போதும்.

‘மின்னஞ்சலை யார் பார்க்கிறார்?’

இதுவே எதிர்த்தரப்பின் வலிமையான கேள்வி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து வரும் தாய் மின்னஞ்சலைத் திறப்பாரா என்று கேட்கிறார்கள். உண்மைதான்; புலனத்தை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. 2017 நவம்பரில் பினாங்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது போன்ற நேரத்தில், பள்ளி மூடப்பட்ட செய்தியைக் கொண்டுசேர்க்க அதனினும் விரைவான வழி இல்லை. அவசரத்துக்கு அதுவே ஏற்றது.

ஆனால் அதே தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். இருநூறு ‘காலை வணக்கம்’ படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே புதைந்து கிடக்கும் தேர்வு அட்டவணையை அவர் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பார்? மின்னஞ்சலில் தலைப்பு உண்டு, தேதி உண்டு, தேடினால் கிடைக்கும். மூன்று மாதம் கழித்து, “யாரும் சொல்லவே இல்லை” என்ற சண்டை எழுந்தால் சான்றாகவும் நிற்கும். மின்னஞ்சல் இல்லாத பெற்றோருக்கு அதே மடலை அச்சிட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பலாம்.

செய்ய வேண்டியவை

1. மாணவரின் அடையாள எண், புள்ளி, குடும்ப வருமானம், மருத்துவக் குறிப்பு ஆகியவை எந்தக் குழுவிலும் வரக் கூடாது. அலுவல் மின்னஞ்சலில், உரியவருக்கு மட்டும்.

2. ஒரு மடலுக்கு ஒரு செய்தி. தலைப்பிலேயே செயலும் இறுதி நாளும் இருக்கட்டும். ‘முக்கியம்’ என்பது தலைப்பாகாது. ‘விளையாட்டுப் போட்டிப் பெயர்ப்பட்டியல் – 15-ஆம் தேதிக்குள்’ என்பதே தலைப்பு.

3. செயல்பட வேண்டியவரை மட்டும் ‘பெறுநர்’ இடத்தில் இடுங்கள். அறிந்துகொள்ள வேண்டியவருக்கு நகல். பெற்றோர் பலருக்கு ஒரே மடல் அனுப்பினால் முகவரிகளை மறைநகலில் இடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

4. கடவுச்சொல்லை ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டாதீர்கள். பயிற்சி ஆசிரியரிடம் உங்கள் கணக்கைக் கொடுத்து வேலை வாங்காதீர்கள்.

5. மாலைக்குப் பின் எழுதினாலும், மறுநாள் காலையில் சேருமாறு நேரம் குறித்து அனுப்புங்கள். ஜிமெயிலில் அந்த வசதி உண்டு.

6. கல்வி இலாகாவுக்கு மலாயில் எழுதுவது முறை. பெற்றோருக்கும் நமக்குள்ளும் தமிழில் எழுதுங்கள். முரசு அஞ்சலும் செல்லினமும் தந்த முத்து நெடுமாறன் பிறந்த நாடு இது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அப்படியிருக்க, தமிழ்ப்பள்ளி ஆசிரியரே உரோமன் எழுத்தில் தமிழை எழுதுவது வெட்கக்கேடு.

1816-இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதை நம் நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கம் எனப் பெருமையோடு பேசுகிறோம். இருநூறு ஆண்டைக் கடந்த பள்ளி மரபுக்கு ஒழுங்காக மடல் எழுதத் தெரியாதா? நம்மை நம்பித்தான் பெற்றோர் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் தரும் ஒவ்வொரு விவரமும் அந்த நம்பிக்கையின் பகுதி.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: “என் பிள்ளையின் விவரம் யார் யாருடைய கைப்பேசியில் இருக்கிறது?” மேடையில் இருப்பவர்களால் மறுமொழி சொல்ல முடியவில்லை என்றால், மாற்றம் அன்றே தொடங்க வேண்டும்.