ஒலிநாடாவில் உறங்கும் வில்லுப்பாட்டு

அமெரிக்காவின் டெட் கென்னடிஸ் என்ற பங்க் ராக் குழு 1986-ல் கலைந்தது. மறு வருடமே, இங்குமங்கும் சிதறிக் கிடந்த அவர்களுடைய பாடல்கள் ஒரே ஆல்பமாகத் தொகுக்கப்பட்டன. நம் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் வாய்க்கவில்லை. ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களின் இறுதியில் குமரி மாவட்டக் கோயில் கொடைவிழாக்களில் இந்தக் கலையை ஆராய்ந்து, 1988-ல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். ஆனால் எழுத்தில் பாட்டு பாதிதான் வரும். நள்ளிரவுச் சாமக்கொடையில் சாமியாடிக்கு அருள் ஏறும் நேரம் வீசுகோல் வில்லில் வேகமெடுக்க, குடமும் உடுக்கையும் துரத்த, புலவர் ஏட்டை விட்டு விலகி அந்தக் கணத்தில் கட்டும் வரிகளை ஒலிப்பதிவு மட்டுமே காக்கும். அப்படிப் பதிவான கேசட்டுகள் மைக் செட் கடைகளிலும் கலைஞர்களின் வீட்டுப் பரண்களிலும் இன்றும் இருக்கின்றன. ஆனால் குமரியின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை படரும். காந்தப்பூச்சு உதிர்ந்தால் குரல் திரும்பாது. கணினியில் ஏற்றும்போது, இடையே ஒலிக்கும் குலவைச் சத்தத்தையும் இரைச்சலையும் குறை என்று வெட்ட வேண்டாம். அவையும் கொடையின் வரலாறுதான். இந்த வேலைக்கு உதவி கேட்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் போன்றவை அருகிலேயே உள்ளன. பழைய கேசட் வைத்திருப்பவர்களே, தூக்கி எறியாதீர்கள். பாடியவர் பெயர், கோயில், ஆண்டு ஆகியவற்றை மேலே எழுதி, இன்றே கணினியில் ஏற்றக் கொடுங்கள்.