ஆட்டிசம் பொது வார்டுக்கும் வரும்

கொல்கத்தாவின் பவானிபூரில் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையும் அதனோடு இணைந்த மனநல நிறுவனமும் அருகருகே இயங்குகின்றன. ஆட்டிசம் என்றதும் பலரது பார்வை மனநல நிறுவனத்தின் பக்கமே திரும்பும். ஆனால் ஆட்டிசம் உள்ளவருக்கும் எலும்பு முறியும், குடல்வால் வீங்கும். அப்போது அவர் வந்து சேர்வது பொது வார்டுக்கே. அங்கே இரவும் பகலும் உடனிருப்பவர் செவிலியரே. ஆகவே ஆட்டிசம் குறித்த பயிற்சி மனநலப் பிரிவோடு நின்றுவிடலாகாது.

2013இல் வெளியான டிஎஸ்எம்-5, ஆஸ்பெர்கர் முதலிய தனிப்பெயர்களை நீக்கி அனைத்தையும் ஒரே நிறமாலைக்குள் கொண்டுவந்தது. இந்த நிறமாலை, லேசானதில் தொடங்கிக் கடுமையானதில் முடியும் ஒற்றைக்கோடு அன்று. சரளமாகப் பேசுபவருக்கு மானிட்டரின் ஓசை தாங்கவொண்ணாததாக இருக்கலாம். ஒரு சொல்லும் பேசாதவர் கேட்பதனைத்தையும் புரிந்துகொள்ளலாம். வலியை முகத்தில் காட்டாதவரும் உண்டு. அத்தகையவரின் திடீர் அலறலை ‘அடம்’ என்று குறித்துவைத்தால், உள்ளிருக்கும் நோய் கவனத்துக்குத் தப்பிவிடும்.

இத்தகைய தவறு உயிரையும் பறிக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2016இல், வலிப்புக்காகச் சேர்க்கப்பட்ட 18 வயது ஆலிவர் மெக்கோவனுக்கு, அவரும் பெற்றோரும் வேண்டாமென்று கூறியும் ஒலன்சபின் மருந்து தரப்பட்டது. மூளை வீங்கி அவர் இறந்தார். அதன் பின் 2022இல் வந்த சட்டம், அந்நாட்டு மருத்துவப் பணியாளர்களுக்கு ஆட்டிசப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவிலும் சட்டம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அதன் 47ஆம் பிரிவு, செவிலியர் படிப்பில் மாற்றுத்திறன் ஒரு பகுதியாக இடம்பெற வேண்டும் என்கிறது. தேர்வுக்காகப் படிக்கும் வரையறை மட்டும் இதற்குப் போதாது. ஊசியை முதலில் காட்டுதல், ஒரு நேரத்தில் ஒரே வாக்கியம் பேசுதல், கையசைத்துத் தம்மை ஆற்றிக்கொள்பவரைத் தடுக்காதிருத்தல், வலி வந்தால் இவர் எப்படி நடந்துகொள்வார் என்று குடும்பத்தாரிடம் கேட்டுக் குறித்தல் ஆகியவையே வார்டில் உதவும்.

பல படுக்கைகளைப் பார்க்கும் செவிலியருக்கு இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்வி நியாயமானது. எனினும் மிரண்டவரை நால்வர் சேர்ந்து பிடித்து ஊசி போடுவதைவிட, ஐந்து நிமிடம் முன்கூட்டிப் பேசுவதற்கு ஆகும் நேரம் குறைவே. பவானிபூரில் பயிற்றுநரைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மனநல நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களும் அவர்தம் பெற்றோரும் அப்பயிற்சியில் ஆசிரியர்களாக அமர வேண்டும்.