வீரபாண்டியில் இரண்டு நாள் குடித்தனம்



டிசம்பர் 31-ந் தேதி கல்யாணம். ஜனவரி 2-ந் தேதி பல்லடம் போலீஸ் ஸ்டேஷன். ஜனவரி 3-ந் தேதி சுடுகாடு. அந்தப் பொண்ணுக்கு வயது 19.

செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம் அடுத்தடுத்த கிராமத்துப் பிள்ளைகள் ரெண்டு பேரும். பையன் பட்டியல் சாதி, பொண்ணு வேறு சாதி. திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். வருடக் கடைசி நாளில் கோயிலில் தாலி கட்டி, நம்ம வீரபாண்டியில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். கல்யாண வீடியோ வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போனது. "மகளைக் காணோம்" என்று அப்பா பல்லடம் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். போலீஸ் அந்தப் பொண்ணைத் தேடிப் பிடித்து அப்பாவோடு அனுப்பி வைத்தது. மறுநாள் ஊரில் கொன்று, போலீசுக்குத் தெரியாமல் உடலை எரித்துவிட்டார்கள் என்பது வழக்கு. 7-ந் தேதி அந்தப் பையன் வட்டாத்திக்கோட்டை ஸ்டேஷனுக்குப் போய் புகார் கொடுக்கும் வரை வழக்கே கிடையாது. அதன் பிறகு அப்பா, அம்மா கைது. பல்லடம் இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட்.

டிவிக்காரங்க இதற்கு வைத்த பேர் "தஞ்சாவூர் ஆணவக்கொலை". நாமும் தஞ்சாவூர் என்று படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று. சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே. உயிர் போனது அங்கே. அந்தப் பொண்ணைக் கையில் பிடித்துக் கொடுத்தது இங்கே, நம்ம மாவட்டத்தில்.

2023 செப்டம்பரை நினைத்துப் பாருங்க. பல்லடம் கள்ளக்கிணறில் ஒரே குடும்பத்தில் நாலு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஊரே பதறியது, ஜனங்க ரோட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததில் நூறு சதவீதம் நியாயம் இருந்தது. அதே பல்லடத்தில் ஸ்டேஷன் வாசல் வழியாகப் போன பொண்ணு மறுநாள் சாம்பலானதற்கு எத்தனை கடை அடைத்தது? எந்த பனியன் கம்பெனியில் மிஷின் ஒரு நிமிஷம் நின்றது? வெளியாள் வந்து வெட்டினால் அது கொலை. பெத்தவங்க செய்தால் "அவங்க குடும்ப விஷயம்". இந்தக் கணக்கைத்தான் நாம் முதலில் நமக்குள் தீர்க்க வேண்டியிருக்கு.

டீக்கடையில் காதில் விழுகிற பேச்சையும் மறைக்காமல் எழுதுகிறோம். "பெத்த வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்" என்கிறார் ஒருத்தர். "ரெண்டும் சின்னப் பசங்க, போலீஸ் வேற என்னங்க பண்ணும்? அப்பன் கூடத்தானே அனுப்பும்" என்கிறார் இன்னொருத்தர். வீட்டு ஓனர்கள் பேச்சு வேறு மாதிரி: "இனி கல்யாணப் பத்திரிகை, ரெண்டு பேர் அப்பா அம்மா நம்பர் எல்லாம் வாங்காம வீடு கொடுக்கறதில்லீங்க." இவங்க யாரும் கெட்டவங்க இல்லை. நம்ம அக்கம்பக்கம்தான், நம்ம கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் திட்டிவிட்டுப் போகாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கு.

முதலில் அந்த வயசு விஷயம். "பையனுக்கு 21 ஆகலையே, அந்தக் கல்யாணமே செல்லாதே" என்று சட்டம் தெரிந்த மாதிரி சிலர் பேசுகிறார்கள். பையனுக்கும் 19 தான், உண்மை. சட்டப்படி ஆணுக்குத் திருமண வயது 21, அதுவும் உண்மை. ஆனால் இதே மாதிரி ஒரு வழக்கு கேரளாவிலிருந்து உச்சநீதிமன்றம் வரை போய் 2018-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. நந்தகுமார் எதிர் கேரள அரசு. அதிலும் பையனுக்கு 21 ஆகவில்லை, பொண்ணு மேஜர். கேரள உயர்நீதிமன்றம் பொண்ணை அப்பாவிடம் ஒப்படைத்தது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. 18 தாண்டிய பெண் யாரோடு இருக்க வேண்டும் என்பது அவள் முடிவு, கல்யாணம் செய்யும் வயசு வராவிட்டாலும் மேஜர் ஆன இருவர் சேர்ந்து வாழ்வதைத் தடுக்க முடியாது என்று சொன்னது. கல்யாணம் செல்லுமா செல்லாதா என்பது தனி வழக்கு. 19 வயசுப் பொண்ணை யாரிடமும் "ஒப்படைக்க" முடியாது. ஒப்படைக்க அவள் தொலைந்துபோன பர்ஸா?

"காணோம்" என்று புகார் வந்தால் போலீஸ் தேட வேண்டியதுதான், தப்பில்லை. கண்டுபிடித்த பிறகு அவள் மேஜரா என்று பார்த்து, "நீ எங்கம்மா போகணும்?" என்று தனியாகக் கேட்க வேண்டும். அவள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். பயம் இருக்கிறது என்றால் பாதுகாப்பு கொடுக்க வேண்டும். நடைமுறையில் பல ஸ்டேஷன்களில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ரெண்டு தரப்பையும் உட்கார வைத்து, "ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்று எழுதி வாங்கி, அனுப்பி வைத்து, ஃபைலை மூடுவார்கள். அந்தக் காகிதம் யார் உயிரைக் காப்பாற்றும்?

இதெல்லாம் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. சென்னை உயர்நீதிமன்றம் 2016-லேயே, மாவட்டத்துக்கு ஒரு தனிப்பிரிவு அமைக்கச் சொல்லிவிட்டது. போலீஸ் எஸ்.பி., மாவட்ட சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூன்று பேரும் அதில் இருக்க வேண்டும், 24 மணி நேர ஹெல்ப்லைன் வேண்டும் என்று தீர்ப்பு. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றமும் இதையே நாடு முழுக்கச் சொன்னது. கூடவே, மிரட்டல் உள்ள ஜோடிகள் தங்க பாதுகாப்பு இல்லம் வேண்டும், கடமை தவறும் அதிகாரி மேல் நடவடிக்கை வேண்டும் என்றும் சொன்னது. சட்ட ஆணையம் 2012-லேயே தனிச்சட்டத்துக்கு மசோதா எழுதிக் கொடுத்திருக்கிறது. வருஷங்கள் ஓடிப்போச்சு, 2024 தொடக்கம் வரை அந்தத் தனிச்சட்டம் வரவில்லை.

நம்ம மாவட்டத்துக்கு இது முதல் ரத்தமும் இல்லை. 2016 மார்ச் 13, உடுமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம், பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். கௌசல்யா உயிர் தப்பினார். சிசிடிவியில் உலகமே பார்த்தது. 2017 டிசம்பரில் நம்ம திருப்பூர் கோர்ட் ஆறு பேருக்குத் தூக்கு கொடுத்தது. 2020-ல் உயர்நீதிமன்றம் கௌசல்யாவின் அப்பாவை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேர் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு 2016-ல், சங்கர் கொலை நடந்து ஒரு மாதத்தில் வந்தது. அந்த ரத்தம் சிந்திய இதே மாவட்டத்தில், எட்டு வருஷம் கழித்து ஒரு ஸ்டேஷனுக்கு அந்தத் தீர்ப்பு ஞாபகம் வரவில்லை. ஒரு இன்ஸ்பெக்டரை சஸ்பெண்ட் செய்ததோடு கணக்கு முடிந்துவிடுமா? அவர் ஒருத்தர் கெட்ட மனுஷனாக இருந்ததால் நடந்த விஷயமா இது?

இன்னொன்று. தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, தேனி, ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைங்க இங்கே வருகிறார்கள். ஓவர்லாக், செக்கிங், கைமடி, அயர்ன் என்று ஒன்றரை ஷிப்ட் நின்று உழைக்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறார்கள். ஊரில் எதிரெதிர் தெருவில் நிற்கவும் முடியாத ரெண்டு பேர் இங்கே ஒரே டேபிளில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்காருகிறார்கள். ஒரே குழாயில் தண்ணி பிடிக்கிறார்கள். இந்த ஊருக்கு டாலர் சிட்டி என்று பேர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கைகள்தான். அந்தக் கையின் உழைப்பு மட்டும் நமக்கு வேணும், அந்தக் கை யார் கையைப் பிடிக்கிறது என்று வரும்போது மட்டும் "உங்க ஊருக்கே போய் பேசிக்கோங்க" என்று அனுப்பிவிடுவோமா?

வீரபாண்டி, முருகம்பாளையம், பல்லடம் ரோடு காம்பவுண்ட் வீடுகளில் இன்றைக்கும் இப்படி ஜோடிகள் இருக்கிறார்கள். பொங்கலுக்கு எல்லோரும் பை கட்டி பஸ் ஏறுகிற நேரத்தில் அவர்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். ஊருக்குப் போக வழியில்லாமல். ஓனர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாடகைக்கு விடும்போது அடையாள அட்டை வாங்குங்க, தப்பில்லை. சாதி கேட்காதீங்க. யாராவது தேடி வந்து விசாரித்தால் உடனே கையைக் காட்டாதீங்க, முதலில் அந்தப் பிள்ளைங்களிடம் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க, ரெண்டு பேருக்கும் ஒரு வேளை பொங்கல் கொடுத்து அனுப்புங்க, அப்படியே உங்க போன் நம்பரையும் கொடுங்க. ஆபத்து என்றால் 100 அல்லது 112. பெண்களுக்கு 181. எந்நேரமானாலும் நம்ம கட்சி அலுவலகக் கதவைத் தட்டலாம். ஸ்டேஷனுக்குப் போக வேண்டி வந்தால் தனியாக அனுப்பாதீங்க, நம்ம தோழர்கள் வக்கீலோடு கூட வருவார்கள்.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனிகள் திறந்த பிறகு வரும் முதல் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். கேள்வி மூன்றுதான். 2016 தீர்ப்புப்படி அமைய வேண்டிய தனிப்பிரிவு திருப்பூரில் எந்த அறையில் இயங்குகிறது? அதன் ஹெல்ப்லைன் நம்பர் என்ன, அது ஏன் ஒரு பனியன் கம்பெனி கேட்டிலும் ஒட்டப்படவில்லை? ஜோடிகள் தங்கும் பாதுகாப்பு இல்லம் எங்கே? வேலைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு வாங்க. பெண் தோழர்கள் அவசியம் வாங்க.