மடிப்புக் கலையாத சட்டை

துவைத்து உதறிப் போட்டால் போதும், தேய்க்கவே வேண்டாம், மடிப்புக் கலையாது என்று விற்கிறார்களே ஒரு சட்டை, அதன் மாயம் என்ன? துணிக்கு ஊட்டிய பிசின்! அந்தப் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு கிளம்புகிறது.

வாங்குகிறவர் துவைத்து உடுத்தினால் வாயு பெரும்பாலும் குறைந்துவிடும். தைக்கிறவருக்கோ? கட்டை அவிழ்க்கும்போதும், வெட்டும்போதும், சூடாகத் தேய்க்கும்போதும் அதுவே மூச்சு. கண் எரியும், தொண்டை கமறும். "பழகிவிடும்" என்பார் மேஸ்திரி. கண் பழகலாம், இரத்தம் பழகுமா?

அமெரிக்காவில் ஜார்ஜியா, பென்சில்வேனியா மாநிலங்களின் மூன்று தையல் ஆலைகளில் உழைத்த 11,039 பேரின் வாழ்வையும் சாவையும் அந்நாட்டுச் சர்க்காரின் ஆராய்ச்சி நிலையம் கணக்கெடுத்தது. பெரும்பாலோர் பெண்கள். பத்தாண்டுக்கு மேல் அக்காற்றைச் சுவாசித்தவரிடையே ஒருவகை இரத்தப் புற்றுநோய்ச் சாவு மிகுந்திருந்ததாக 2004-இல் அறிவித்தது. அதே ஆண்டில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் இவ்வாயு மனிதருக்குப் புற்றுநோய் தருவதே என்று முடிவு கூறியது.

அதுவரை யாருக்கும் தெரியாதா? தெரியும், தோழர்களே! இரசாயனக் கம்பெனிகளே பணம் போட்டு நடத்திய ஆய்வுக்கூடத்தில், இதைச் சுவாசித்த எலிகளுக்கு மூக்கிலே புற்றுநோய் கண்டது 1979-இல். பத்து லட்சம் பங்கு காற்றில் 3 பங்கு வரை இருக்கலாம் என்றது அன்றைய சட்டம். 1981-இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் பிற சங்கங்களும் அவசர விதி கேட்டன. 1982-இல் சர்க்கார் கைவிரித்தது. சங்கங்கள் விட்டனவா? வழக்கு மன்றம் ஏறின. 1987-இல் 3 பங்கு 1 ஆயிற்று. அதுவும் போதாதென்று மீண்டும் வழக்காடின. 1992-இல் 0.75 ஆயிற்று.

எலி செத்தது 1979-இல். சட்டம் அசைந்தது 1987-இல். இடையே எட்டாண்டு மூச்சு யாருடையது?

இன்னும் கேளுங்கள். 0.016 பங்குக்கு மேல் கூடாது என்பது அந்தச் சர்க்கார் நிலையத்தின் பரிந்துரை. சட்டமோ இன்றும் 0.75-இலேயே நிற்கிறது. நாற்பது மடங்குக்கு மேல் இடைவெளி! விஞ்ஞானம் ஓர் எண்ணைச் சொல்கிறது. முதலாளியின் கணக்கு வேறோர் எண்ணைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே சட்டத்தின் முள் எங்கே நிற்கும்? தொழிலாளி எவ்வளவு தள்ளினானோ அங்கே!

ஆகவே, எந்த ஊர்த் தையற்கூடமாயினும் கோரிக்கைப் பட்டியலில் கூலியோடு காற்றும் இடம்பெறட்டும். வாயு குறைந்த பிசின் கேளுங்கள். புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி கேளுங்கள். காற்றை அளந்து, அளவை எல்லோரும் பார்க்கச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

சட்டை கசங்காதிருக்க, தைத்தவள் கசங்க வேண்டுமா?