மின்சாரக் கணக்கை மேசைமேல் வை!

மேஸ்திரி தன் நோட்டில் என்ன எழுதினான் என்று தெரியாமலே கூலி வாங்கிய காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சங்கம் கண்ட பிறகுதான் கணக்கைக் கண்ணால் பார்த்தோம். இன்று மின்சாரத்திலும் அதே கேள்வி எழுகிறது.

2070-க்குள் நாட்டின் கரிப்புகைக் கணக்கை நிகரப் பூச்சியம் ஆக்குவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்திய அரசு அறிவித்தது. வரவேற்போம். புகைபோக்கிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஏழைகள்தானே! ஆனால் எத்தனை சூரிய மின்நிலையம், எத்தனை காற்றாலை, எந்த அனல் நிலையத்தை எப்போது மூடுவது என்பதையெல்லாம் கணிப்பொறியில் போட்டுப் பார்த்தே திட்டமிடுகிறார்கள். தேவை, விலை, புகை வரம்பு ஆகியவற்றைக் கொடுத்தால், குறைந்த செலவுள்ள வழியை அது சொல்லும்.

கொடுத்ததைப் பொறுத்தே விடை. நிலக்கரி விலையைக் குறைத்துப் போட்டால் நிலக்கரி ஜெயிக்கும். சேமிப்பு மின்கலத்தின் விலையைக் குறைத்துப் போட்டால் சூரியன் ஜெயிக்கும். ஏழைக் குடும்பத்துக்கு ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் போதும் என்று போட்டால்? நம் பிள்ளைகளுக்கு ஃபிரிட்ஜ் கிடையாது என்று இன்றே எழுதி வைத்ததாகும். தவறான கணக்கில் கட்டிய நிலையத்தின் கடனோ, மின்சாரம் வாங்காவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக்கட்டணமாகப் பல்லாண்டுகள் நம் கரண்டு பில்லில் ஏறும்.

இந்தக் கணக்கை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்திப் போடலாம் என்று உள்நிரலோடு இலவசமாக வெளியிட்ட கருவிகள் வந்துவிட்டன. ஓசிமோசிஸ் 2011-இலேயே உலக ஆய்வாளர் முன் வைக்கப்பட்டது. நம் நாட்டிலேயே, புனேயின் பிரயாஸ் அமைப்பு ‘ரூமி’ என்ற கருவியைத் திறந்து வைத்திருக்கிறது. குடும்பங்களை நகரம், கிராமம் என்றும் வசதிக்கேற்பவும் பிரித்து அதில் தேவையைக் கணக்கிடலாம்.

“இது படித்தவர் சமாசாரம், நமக்கெதற்கு?” என்பீர்கள். கணிப்பொறி படித்த பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலும் இருக்கிறார்களே! கட்டணம் நிர்ணயிக்கும் முன் பொதுமக்களின் ஆட்சேபங்களை ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். அங்கே “ஏற்றாதே” என்று முழங்கினால் மட்டும் போதாது. எந்தக் கணக்கில் ஏற்றினாய் என்று கேட்க வேண்டும்.

கருவி மட்டும் திறந்திருந்து பயனில்லை. அதில் இடும் விவரமும் திறந்திருக்க வேண்டும். மக்கள் பணத்தில் போடும் மின்திட்டம் எதுவானாலும் அதன் நிரலையும் விவரத்தையும் மக்கள் முன் வைக்க வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

பில் கட்டுபவனுக்குக் கணக்குக் கேட்கவும் உரிமை உண்டு!