பிள்ளைக்கு ஒரு பொல்லு



திகனவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வயது பன்னிரண்டு. சிலம்பம் பழக வேண்டும் என்று அடம் பிடிக்கிறானாம். ஒன்பது வயது மகளும் "நானாவோடு நானும் போவேன்" என்று நிற்கிறாளாம். வாப்பா வெளிநாட்டில். "எந்தப் பொல்லு நல்லது? அதை வாங்கி வீட்டில் வைத்தால் வம்பு ஏதும் வராதா?" என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வியின் கனம் திகனவில் இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

2019 ஏப்ரல் 21 அன்று நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு நாடெங்கும் முஸ்லிம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் சோதனை நடந்தது. வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி மே மாதத்தில் பொலிஸார் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மர்ஹூம் வாப்பாவின் பிரம்புப் பொல்லு ஒன்று இருந்தது. இளமையில் அவர் சிலம்படி பழகிய பொல்லு. வயதான காலத்தில் அதை ஊன்றிக்கொண்டுதான் சுபஹுக்குப் பள்ளிக்குப் போவார். அதைக் கொடு என்று எவரும் கேட்கவில்லை. அது குற்றம் என்று எவரும் சொல்லவுமில்லை. ஆனாலும் ஓர் இரவு நானே அதை மூன்று துண்டாக வெட்டி அடுப்பில் வைத்தேன். பிளேன்டீக்கு வைத்த தண்ணீர் அந்த நெருப்பில் கொதித்தது. அந்தத் தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை.

அந்த நேரத்துப் பயம் அப்படி. பயப்பட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் பயம் சொன்னதையெல்லாம் செய்தேனே என்று இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. இந்தச் சகோதரிக்குப் பதில் எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

சகோதரியே, பொல்லு வாங்குவதற்கு முன் மகனை அருகில் அமர்த்தி, "ஏன் பழக ஆசைப்படுகிறாய்?" என்று கேளுங்கள். உடம்பு நல்லாக இருக்க, போட்டிக்குப் போக, கூட்டாளிகள் போகிறார்கள் என்று சொன்னால் மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். "2018இல் நமக்குச் செய்ததற்குத் திருப்பிக் கொடுக்க" என்று சொன்னால் பொல்லு வாங்காதீர்கள். முதலில் அந்தக் காயத்தைப் பேசி ஆற்றுங்கள்.

2018 மார்ச்சில் நடந்ததை மறக்க முடியாது. தாக்கப்பட்ட சாரதி ஒருவர் வைத்தியசாலையில் இறந்தார். அதைக் காரணமாக வைத்துத் திகனவிலும் தெல்தெனியவிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் நம் பிள்ளை ஒருவர் உயிரிழந்தார். மார்ச் 6இல் நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அந்த நெருப்பை எந்தச் சிலம்பப் பொல்லும் தடுத்திருக்காது. அன்று சில வீடுகளைக் காத்தவர்கள் அடுத்த வீட்டுச் சிங்களச் சகோதரர்களும் சில பிக்குமாரும்தான். பொல்லு பழகுவது பிள்ளையின் உடலுக்கும் மனக்கட்டுப்பாட்டுக்கும். வீட்டின் காவலுக்கு முதலில் அல்லாஹ், பிறகு நல்ல அயலவர். இதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இதே சோதனையைச் சந்தித்த இன்னொரு கலையின் கதையைக் கேளுங்கள். ஜப்பானில் 'கெண்டோ' என்று ஒரு பயிற்சி உண்டு. வாள்வீச்சிலிருந்து வந்தது. இரும்பு வாளாலும் கட்டை வாளாலும் பழகும்போது பழகுகிறவர்களே காயப்பட்டார்கள். அதனால் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகக்கவசமும் கையுறையும் மூங்கில் வாளும் சீர்படுத்தப்பட்டன. அந்த மூங்கில் வாளுக்கு 'ஷினாய்' என்று பெயர். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்து, நுனியிலும் பிடியிலும் தோல் உறை மாட்டி, ஒரு நாணால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆணி கிடையாது. அடித்தால் பட்டைகள் வளைந்து அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். எதிரில் நிற்பவரின் எலும்பு தப்பும்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின், இது போர்வெறியை வளர்க்கும் கலை என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள். பழகியவர்கள் அதைக் காப்பாற்ற நினைத்தார்கள். யாரும் வந்து பார்க்கக்கூடிய, ஒழுங்கும் விதியும் உள்ள விளையாட்டாக அதை முன்வைத்தார்கள். 1952இல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் உருவானது. 1970இல் சர்வதேச சம்மேளனமும் வந்தது. இன்று பெண்களும் சிறுவர்களும் பழகுகிறார்கள்.

நமக்கும் அதுவே வழி. ஊரறிந்த ஆசிரியரிடம், பதிவுள்ள கழகத்தில், பகல் நேரத்தில், திறந்த இடத்தில் பழகட்டும். பொல்லு வாங்கினால் பற்றுச்சீட்டு எடுத்து வையுங்கள். ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். வீதியில் கொண்டு போகும்போது துணிப்பையில் போட்டுக் கொண்டு போகட்டும். அயல்வீட்டுப் பிள்ளைகளையும் பழக அழையுங்கள். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று பழகுகிற பொல்லைப் பார்த்துப் பயப்பட எவருக்கும் காரணம் இருக்காது.

இனி முதல் கேள்வி. நல்ல பொல்லைத் தெரிவு செய்வது எப்படி?

முதலாவது, நீளம். பிள்ளையை வெறுங்காலோடு நிமிர்ந்து நிற்க வைத்துப் பொல்லைப் பக்கத்தில் நிறுத்துங்கள். சிலம்பத்தில் நெற்றியளவு என்பது பழைய கணக்கு. வளர்ந்தவருக்கு அது ஏறக்குறைய ஐந்தரை அடி வரும். "பிறகும் உதவுமே" என்று பாடசாலைச் சப்பாத்தைப் போலப் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். நீளம் கூடினால் பிள்ளை தன் தலையிலேயே அடித்துக்கொள்ளும். கெண்டோவிலும் வயதுக்கு ஏற்ற அளவு உண்டு. கனிஷ்ட பாடசாலைப் பிள்ளைகளுக்கு 114 சென்ரிமீற்றர், உயர் பாடசாலைக்கு 117, வளர்ந்தவர்களுக்கு 120 என்பது மேல் எல்லை. வளர்ந்த ஆண்களின் வாள் குறைந்தது 510 கிராமும், பெண்களின் வாள் 440 கிராமும் இருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குக் குறைந்த பாரம் என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள். ஆகவே மகளுக்குத் தனியாக, சிறிதாக, மெல்லியதாக ஒன்று வாங்குங்கள். நானாவின் பழையதைக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, எந்த மரம்? புதிதாகப் பழகும் பிள்ளைக்குப் பிரம்பு நல்லது. அது உள்ளே கூடில்லாதது. பழுதானால் நார் நாராகப் பிரியுமே தவிர, கத்தி போலப் பிளவுபடாது. மூங்கில் பாரம் குறைந்தது, ஆனால் பிளந்தால் சிராய் கூர்மையாக இருக்கும். மகாவலிக் கரையில்தான் மூங்கில் நிறைய நிற்கிறதே என்று பிள்ளைகள் வெட்டிக்கொண்டு வருவார்கள். இளம் மூங்கில் காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். மூன்று நான்கு வருடம் முற்றியதை வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தியதுதான் உதவும். ஊறும்போது மூங்கிலில் உள்ள மாச்சத்து குறையும். அதைத் தின்ன வருகிற வண்டும் குறையும். பேராதனைப் பூந்தோட்டத்தில் நாம் வாய்பிளந்து பார்க்கும் இராட்சத மூங்கில் பானையளவு பருமன் என்றாலும், பொல்லுக்கு ஆகாது.

மூன்றாவது, கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள். பொல்லைத் தரையில் உருட்டிப் பாருங்கள். கோணல் இருந்தால் துள்ளித் துள்ளி ஓடும். ஒரு நுனியைக் கண்ணோடு வைத்து நீளமாகப் பாருங்கள். தரையில் மெல்லத் தட்டுங்கள். நல்லது கணீர் என்று ஒலிக்கும், வெடிப்புள்ளது சளசளக்கும். வெள்ளைக் கடதாசியின் மேல் தட்டினால் மா போலத் தூள் விழுகிறதா? உள்ளே வண்டு இருக்கிறது, வேண்டாம். கடைசியாக, முந்தானையின் மெல்லிய துணியால் நுனி முதல் நுனி வரை தடவுங்கள். துணி மாட்டும் இடத்தில் சிராய் இருக்கிறது. வர்ணம் பூசியதை வாங்காதீர்கள். வர்ணம் வெடிப்பை மறைக்கும். நுனியில் இரும்புப் பூண் போட்டது பிள்ளைகளுக்குக் கூடாது.

நான்காவது, பராமரிப்பு. இது நம் கையில் இருக்கிறது. பழகப் போகுமுன் ஒவ்வொரு நாளும் பொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். கெண்டோக்காரர்கள் இதைக் கடமையாகவே வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் உடைந்த பட்டையின் சிராய் முகக்கவசக் கம்பிகளின் இடையே புகுந்து கண்ணைக் கெடுத்துவிடும். சிறு சிராய் என்றால் கடதாசி உரத்தால் தேய்த்துவிடலாம். வெடிப்பு என்றால் ரேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், எறிந்துவிடுங்கள். மாதம் ஒருமுறை துணியில் சிறிது எண்ணெய் தொட்டுப் பூசுங்கள். வெயிலிலும் அடுப்படிப் பரணிலும் வைத்தால் காய்ந்து வெடிக்கும். சுவரில் சாத்தி வைத்தால் வளையும். இரண்டு ஆணியில் படுக்கையாக மாட்டி வையுங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதில் ஈட்டி விளையாடியபோது நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நிற்க, ஆயிஷா (ரழி) அவர்கள் தமக்குச் சலிக்கும் வரை பார்த்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. முகத்தில் அடிப்பதை நபியவர்கள் தடுத்தார்கள். அம்புகளோடு சந்தைக்குள் போகிறவர் எவருக்கும் காயம் படாதபடி அவற்றின் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கோபத்தில் தன்னை அடக்குபவனே உண்மையில் பலசாலி என்றார்கள். இந்த மூன்றையும் பிள்ளைக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். தங்கை மேல் விளையாட்டுக்கும் பொல்லை ஓங்கினால் ஒரு வாரம் எடுத்து வைத்துவிடுங்கள். மகள் பழகுவதில் தடையில்லை. ஒழுக்கமான உடையோடு, பெண் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பாக, முடிந்தால் பெண் ஆசிரியரிடம் பழகட்டும். நீங்களும் ஓர் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

மூஸா (அலை) அவர்களிடம் அல்லாஹ் கையில் இருப்பது என்ன என்று கேட்டபோது, அது தம் கைத்தடி என்றும், அதில் ஊன்றிக்கொள்வதாகவும், ஆடுகளுக்கு இலை உதிர்ப்பதாகவும், இன்னும் பல வேலைகளுக்கு உதவுவதாகவும் சொன்னார்கள். ஒரு தடியின் நல்ல பயன்கள் அவை. என் வாப்பாவின் பொல்லும் பள்ளிக்குத்தான் நடந்தது. நான் எரித்ததை மீட்க முடியாது. சகோதரியே, நீங்கள் வாங்கும் பொல்லைக் கதவுக்குப் பின்னால் மறைக்காதீர்கள். வருகிறவர் கண்ணில் படும்படி முன் விறாந்தையில் மாட்டி வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலுக்குப் பலத்தையும் உள்ளத்துக்குப் பொறுமையையும், நம் ஊருக்கு அமைதியையும் தருவானாக. ஆமீன்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.