‘பொகையத்தான் செய்யும்’

திருப்பூர் மங்கலம் சாலைப் பக்கம் மெத்தை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “ஏனுங்க, இந்த மெத்தையில நெருப்பு விழுந்தா என்னாகும்?” ஊசியை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “பஞ்சு பத்தாதுங்க. பொகையத்தான் செய்யும். பத்துறதெல்லாம் ஃபோமுதானுங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருடம் பஞ்சோடு வாழ்ந்த மனிதர், நம்பியதைச் சொன்னார். இதே வாக்கியத்தை இந்த ஊரில் கட்டிங் மாஸ்டரிடமும் கேட்டிருக்கிறேன், கம்பெனி முதலாளியிடமும் கேட்டிருக்கிறேன், பேரக்குழந்தைக்கு இலவம்பஞ்சு மெத்தை வாங்க வந்த பாட்டியிடமும் கேட்டிருக்கிறேன். பஞ்சு இயற்கை, பஞ்சு குளிர்ச்சி, பஞ்சு பத்திரம். முதல் இரண்டோடு எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவது தவறு. உயிரைக் குடிக்கிற தவறு.

ஃபோம் கெட்ட பெயர் வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. பாலியூரிதேன் ஃபோம் பெட்ரோலிய வழி வந்த பொருள். தீ பிடித்தால் உருகி, ஒழுகி, சில நிமிடங்களில் அறை முழுவதையும் விழுங்கிவிடும். 1979 மே 8 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் வூல்வொர்த்ஸ் கடையில், விற்பனைக்கு அடுக்கியிருந்த ஃபோம் இருக்கைகள் எரிந்து 10 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகள்தான் 1988இல் அந்நாட்டில் வீட்டு மெத்தைக்கும் சோபாவுக்கும் தீப்பாதுகாப்புச் சட்டம் வர வழி செய்தன. ஃபோம் குற்றவாளி என்பது சரி. அதனாலேயே பஞ்சு நிரபராதி ஆகிவிடுமா?

பஞ்சு பத்திரம் என்று திருப்பூர்க்காரர்களே சொல்வதுதான் எனக்கு ஆறவே இல்லை. பனியன் வேஸ்ட் குடோன் எரிவதைப் பார்க்காதவர் இந்த ஊரில் யார்? தீயணைப்பு வண்டி வருகிறது, தண்ணீர் அடிக்கிறார்கள், ஜுவாலை அடங்கிவிடுகிறது. ஆனாலும் வண்டி போவதில்லை. ஜேசிபியைக் கொண்டுவந்து பேல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு மறுபடியும் அடிக்கிறார்கள். சில சமயம் மறுநாள் மதியம் வரைக்கும் அந்த வேலை நடக்கிறது. ஏனென்றால், வெளியே நனைந்த பேலின் நடுவில் கங்கு உட்கார்ந்திருக்கும். பஞ்சு இழைகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருக்கிறது. கனல் உயிரோடு இருக்க அந்தக் காற்றே போதும். சத்தமில்லாமல் அங்குலம் அங்குலமாக நகரும், பல மணி நேரம் கழித்து எங்கேயாவது காற்று வாட்டம் கிடைத்தால் குப்பென்று எழும். நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் பெயர் வைத்ததே இதற்குத்தான்.

மெத்தை என்பது என்ன? உறை போட்டுத் தைத்த சின்னப் பேல்தானே! குடோனில் கண்ணால் பார்த்ததை வீட்டுப் படுக்கையில் மறந்துவிடுகிறோம்.

எங்கள் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கொசுவர்த்திச் சுருளின் கங்கு மெத்தை ஓரத்தில் விழுந்து, நாலணா அகலத்துக்குக் கருகியது. சித்தி ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, அந்த இடத்தில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, குழந்தைகளைப் படுக்க வைத்தார். “பஞ்சுதானே, அணைஞ்சிருச்சு” என்றாராம். பின்னிரவில் சின்னவனுக்கு இருமல் வந்து எழுந்தபோது அறை முழுக்கப் புகை. மெத்தையைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு முழ நீளத்துக்குக் குடைந்துகொண்டு போயிருந்தது நெருப்பு. மேல்துணியில் அதே நாலணா ஓட்டைதான். அந்த இருமல் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சித்தி இன்றைக்கும் பேசுவதில்லை.

‘பொகையத்தான் செய்யும்’ என்பதில் வரும் அந்த ‘தான்’ மீதுதான் எனக்குக் கோபம். புகை என்றால் தீயில் பாதி, எரிச்சல் தரும், கண் கரிக்கும், அவ்வளவுதான் என்ற நினைப்பு அதில் ஒளிந்திருக்கிறது. தீ விபத்தில் பெரும்பாலும் மனிதனைக் கொல்வது புகைதான். கனன்று எரியும் பஞ்சு அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவனை அது எழுப்பாது, தூக்கத்தை இன்னும் ஆழமாக்கும். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரைத்தளத்தில் தீப்பிடித்தபோது, லிஃப்டுக்குள் சிக்கிய ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. அவர்களைக் கொன்றது ஜுவாலை அல்ல, புகை.

‘எங்கள் வீட்டில் யாரும் படுத்துக்கொண்டு சிகரெட் பிடிப்பதில்லை’ என்பார்கள் சிலர். சிகரெட்டே வேண்டாம். கட்டிலில்லாத வீட்டில் மெத்தை தரையில் கிடக்கிறது. தலைமாட்டில் தகரத் தண்டில் கொசுவர்த்தி நிற்கிறது. ஒரு சுருள் ஏறக்குறைய எட்டு மணி நேரம் கனலும். மேலே மின்விசிறி, பக்கத்தில் புரண்டு படுக்கும் குழந்தை. தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறும் செல்போன். மேனாட்டான் மெத்தைக்குச் சிகரெட்டை வைத்துச் சோதனை கண்டுபிடித்தான் என்றால், நாம் கொசுவர்த்தியை வைத்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இங்கே ‘பஞ்சு மெத்தை’ என்று மலிவாக விற்பவற்றில் எத்தனை உண்மையில் பஞ்சு? கட்டிங் வேஸ்ட்டைக் கிழித்து, அரைத்து நிரப்பியவை பல. அந்த வேஸ்ட்டில் பாலியஸ்டர் இருக்கிறது. லெக்கிங்ஸ் ஓட்டிய மேசையிலிருந்து வந்தது என்றால் லைக்ராவும் இருக்கிறது. லைக்ரா எது? அதுவும் பாலியூரிதேன் குடும்பம், ஃபோமின் தாயாதி! ஃபோமுக்குப் பயந்து பஞ்சு வாங்கியவர், ஃபோமின் சொந்தக்காரனைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு சீட்டு அந்த மெத்தையில் கிடையாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மெத்தையின் நிரப்புப் பொருள் என்ன என்று தைத்த சீட்டு இல்லாமல் விற்க முடியாது.

அமெரிக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஊரில் அமெரிக்காவுக்குக் குழந்தைகளின் இரவு உடை தைக்கும் கம்பெனிகளுக்கு மஞ்சள் டேக் தெரியும். அந்நாட்டுச் சட்டப்படி குழந்தையின் இரவு உடை தீத்தடுப்புச் சோதனையில் தேற வேண்டும். இல்லையென்றால் உடம்போடு ஒட்டிய அளவில் இருக்க வேண்டும். அப்படி ஒட்டித் தைத்ததில், இது தீத்தடுப்பு உடை அல்ல, தொளதொளப்பாகப் போட்டால் தீப்பிடிக்கும் என்று எச்சரிக்கும் மஞ்சள் அட்டை தொங்க வேண்டும். பிரஷ்டு ஃபிளீஸ் துணி என்றால் 45 டிகிரி சாய்வில் வைத்து நெருப்புக் காட்டிப் பார்க்கிறார்கள். ரிப்போர்ட் சரியில்லையென்றால் சரக்கு கப்பலேறாது. ஓஹையோவில் தூங்கப் போகும் ஒரு குழந்தைக்காக இவ்வளவையும் செய்யத் தெரிந்த கைகள், மாலை ஷிப்ட் முடிந்து லைன் வீட்டுக்குப் போய், எந்தச் சோதனையும் பார்க்காத மெத்தையில் தம் குழந்தையைக் கிடத்துகின்றன. 2024–25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் இது!

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1973 முதல், எரியும் சிகரெட்டைப் பல இடங்களில் வைத்தாலும் மெத்தையில் கருகல் இரண்டு அங்குலத்துக்கு மேல் பரவக்கூடாது. 2007 ஜூலை முதல் ஜுவாலைச் சோதனையும் சேர்ந்தது. நம்மிடம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15768 இருக்கிறது. 2008இல் வந்தது. நிரப்புப் பொருளும் உறையும் சேர்ந்த இருக்கைப் பொருட்கள் தீப்பிடிக்காமல் தாங்குவதைப் பற்றியது. அதன் தலைப்பிலேயே ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது: ‘வீட்டு உபயோகம் அல்லாத’. தியேட்டருக்கு உண்டு, ஹோட்டலுக்கு உண்டு. ரயில் பெர்த்துக்கும் தனி விதி உண்டு. வருடம் முழுக்க ஒவ்வொரு இரவும் நாம் உறங்கும் வீட்டுக்குக் கட்டாயச் சோதனை இல்லை. ‘பொகையத்தான் செய்யும்’ என்ற நம்பிக்கையை அரசாங்கமும் பகிர்ந்துகொள்கிறது போலும்.

தரம் கேட்டால் ரசாயனம் வரும் என்று அஞ்சுகிறவர்களை நான் மதிக்கிறேன். அந்த அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. ‘டிரிஸ்’ என்ற தீத்தடுப்பு ரசாயனம் குழந்தைகளின் இரவு உடையில் சேர்க்கப்பட்டு, புற்றுநோய் அச்சத்தால் 1977இல் அமெரிக்காவிலேயே தடை செய்யப்பட்டது. ஆனால் பஞ்சு கனலாமல் இருக்க அந்த மாதிரி விஷம் தேவையில்லை. போரிக் அமிலம் ஏற்றிய பஞ்சு பல காலமாக மெத்தைகளில் புழங்குகிறது. உறைக்கு அடியில் தீயைத் தடுக்கும் ஒரு துணி அடுக்கு வைப்பதும் வழி. துணி நெய்வதும் பின்னுவதும் நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும், கொஞ்சம்தான் ஏறும். முதலில் ஏற வேண்டியது தொழிலாளர் விடுதிகளுக்கு மொத்தமாக மெத்தை வாங்குகிற முதலாளிகளின் கணக்கில். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகப் படுக்கிறார்கள். ஒரே கதவு, மூலையில் சிலிண்டர். 2025 ஜூலையில் இதே ஊரின் கல்லூரிச் சாலை எம்.ஜி.ஆர். நகரில் நாற்பதுக்கும் மேற்பட்ட தகரக் கொட்டகை வீடுகள் எரிந்தபோது, அது பகல். ஆட்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். இரவாக இருந்திருந்தால்?

ஐ.எஸ். 15768இன் தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுக்க வேண்டும். வீட்டு மெத்தைக்குக் கனல் சோதனையும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் சீட்டும் கட்டாயமாக வேண்டும். இதை டெல்லியிடம் கேட்கும் தகுதி இந்தியாவில் வேறெந்த ஊரையும்விடத் திருப்பூருக்கு அதிகம்.

அது வரும்வரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொசுவர்த்தியை அகலமான எவர்சில்வர் தட்டில் வைத்து, மெத்தையிலிருந்து இரண்டு முழமாவது தள்ளி வையுங்கள். மெத்தையில் கங்கு விழுந்தால் ஒரு செம்பு தண்ணீரோடு விட்டுவிடாதீர்கள். சொட்டச் சொட்ட நனைத்து, வாசலுக்குக் கொண்டுபோய், தையலைப் பிரித்து, உள்ளேயும் நனைத்துவிடுங்கள். அறையில் புகை சூழ்ந்துவிட்டதென்றால் மெத்தையைத் தொட வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து 101க்குக் கூப்பிடுங்கள். அன்று இரவு அந்த மெத்தை மறுபடி வீட்டுக்குள் வரக்கூடாது.